பச்சையில் நின்ற வண்டி

மூன்று வார்த்தைதான் கொடுத்திருக்கிறாள் என் மகள். ஆமா, இல்ல, சாப்பிட்டீங்களா. இதைத் தாண்டி நாலாவதாக ஒன்று என் வாயிலிருந்து வரக்கூடாது என்று காலையில் பொன்மலையில் காரில் ஏறும்போதே வேளாங்கண்ணி மாதா மேல் சத்தியம் வாங்கிவிட்டாள். முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேயில் இருந்து, ஒரு ஆளுக்கும் நகக்கீறல் படாமல் ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்கிவிட்ட டிரைவர் சூசைமாணிக்கத்துக்கு, அறுபத்தொன்பதாவது வயதில் மூன்றே மூன்று வார்த்தை. அதற்கும் காவல் போட்டிருக்கிறார்கள். என் மனைவி பிலோமினா இஞ்சி மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். நான் கொஞ்சம் மூச்சை இழுத்தால் போதும், ஒன்றைப் பிரித்து வாயில் திணித்துவிடுகிறாள். இது நாலாவது. நாக்கு எரிகிறது. எரிந்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன். வெயில் இன்னும் ஏறவில்லை, கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டிருக்கிறேன், முன்சீட்டில் ரெஜினா மாம்பழக் கலர் புடவை கட்டி ஒரு முழம் மல்லிகை வைத்திருக்கிறாள், அந்த வாசனை காற்றோடு பின்னால் வந்து என் இஞ்சியோடு கலக்கிறது. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பிறந்தவள். இருபத்தொன்பது வயதாகிறது. அவளே ஒருத்தனைப் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள், அந்தப் பையனின் அம்மாவைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம். அந்த அம்மா சரி என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கு இடைஞ்சல் என்று குடும்பமே கூடிக் கண்டுபிடித்தது என் வாயைத்தான்.

அநியாயம் என்று சொல்ல முடியாது. முதலில் வந்த வரன் வீட்டில் பையனின் அப்பா மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டார், ரயிலுக்கு பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று. நான் சட்னிக் கிண்ணம், இரண்டு டம்ளர், ஒரு உறிஞ்சுகுழல் எல்லாவற்றையும் வைத்து வேக்குவம் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினேன். ஒரு மணி நேரம் இருக்கும், அதற்கு மேல் இல்லை. நடுவில் அவர் கண்ணை மூடினார், ஆழ்ந்து யோசிக்கிறார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டிலிருந்து போனே வரவில்லை. இரண்டாவது வரனை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காலாற நடக்கலாம் என்று ரயில்வே ஒர்க்‌ஷாப் மதில் வரைக்கும் கூட்டிப்போனேன், மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கிற சத்தத்தை வைத்தே உள்ளே என்ன வேலை நடக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தேன், அவர்களுக்கு ஊருக்குப் போகிற கடைசி பஸ் போய்விட்டது. பையனின் அம்மா எங்கள் வீட்டு ஹாலில் பாயில் படுத்துத் தூங்கிவிட்டுக் காலையில் காபி கூடக் குடிக்காமல் போனாள். இரண்டும் போனதில் ரெஜிக்கு வருத்தமில்லை, அவர்களை அவளுக்கும் பிடிக்கவில்லை. ஆனால் இவன் அப்படியில்லை. இவனுடைய பெயரைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்குகிறது, அதை நான் கவனித்திருக்கிறேன். பெனடிக்ட். கோயம்புத்தூரில் இவள் கண் பரிசோதனை வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் மிஷின்களைப் பார்த்துக்கொள்கிறவன். அம்மா வேண்டாம் என்றால் கட்டமாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறான், அதில் எனக்கு அவன் மேல் மரியாதை, அதே அளவுக்குப் பயமும். ஒரே நேரத்தில் இரண்டும் எப்படி வரும் என்று கேட்கக்கூடாது, பெண்ணைப் பெற்றவனுக்கு வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் இந்த இடத்தைப் பிடித்ததே அவன்தான். வெள்ளாத்தூர் ரயில் காட்சியகம். அவனுடைய அம்மா ஆரோக்கியமேரி திண்டுக்கல் பக்கம் மிஷன் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர், கணவர் இல்லை, ஒரே பையன். அவருக்கு ஒரு கொள்கை. பெண் வீட்டுக்குப் போய் கேசரியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு அப்புறம் வேண்டாம் என்று சொல்கிற பழக்கம் தனக்குக் கிடையாது, சம்மதம் என்றால்தான் அந்த வீட்டில் கை நனைப்பேன், அதுவரைக்கும் பொதுவான இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாராம். நியாயமான பேச்சு. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு இடம் தேடியபோது, பெண்ணின் அப்பா ரயில் டிரைவர்தானே, சந்தோஷப்படுவார் என்று பெனடிக்ட் இதைச் சொல்லியிருக்கிறான். அவன் நல்லதுன்னு நெனச்சுச் செஞ்சுட்டாம்ப்பா, என்று ரெஜி போனில் சொன்னபோது அழுகிற மாதிரி இருந்தது குரல். பழைய மீட்டர்கேஜ் ஷெட்டைச் சுத்தம் செய்து, பத்துப் பன்னிரண்டு எஞ்சினும் பெட்டியும் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம், குழந்தைகளுக்குச் சின்ன ரயில் வேறு ஓடுகிறதாம். என்னை அங்கே கொண்டுபோய் வாயைக் கட்டிவிடுவார்களாம். சர்க்கரை வியாதிக்காரனை மிட்டாய்க்கடையில் உட்கார வைத்துவிட்டு வெளியே போகிற மாதிரி.

வந்துவிட்டோம். வாசலிலேயே அந்த வாசனை. எண்ணெய், துரு, வெயிலில் காய்ந்த பெயின்ட், எங்கோ அடியில் இன்னும் மிச்சமிருக்கிற கரிப்புகை. இருபது வருஷமாக அணைந்துகிடக்கிற ஷெட்டில் கரி வாசனை இருக்குமா என்றால் இருக்கும், என் மூக்கு பொய் சொல்லாது. வேப்பமரத்தடியில் இரண்டு பேர் நிற்கிறார்கள். உயரமாக, கொஞ்சம் கூனிக்கொண்டு, சட்டையை இஸ்திரி போட்டது தெரிகிற மாதிரி நிற்கிறவன் பெனடிக்ட். பக்கத்தில் வெள்ளையில் சின்ன ஊதாப்பூப் போட்ட புடவையில் அவன் அம்மா. நேராகப் பார்க்கிற கண். வார்டில் முப்பது கட்டிலையும் ஒரே சுற்றில் பார்த்து யாருக்குக் காய்ச்சல் என்று சொல்கிற கண். அந்தக் கண் முதலில் என் மகள் மேல் போனது, பிலோமினா மேல் போனது, அப்புறம் என் மேல் வந்து நின்றது. பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா, என்றார். ஆமா, என்றேன். வழியில் இந்த ஊர் பைபாஸ் திரும்புகிற இடத்தில் பழைய தண்டவாளம் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே புதைந்துகிடக்கிறது, அது எங்கிருந்து எங்கே போனது தெரியுமா என்று தொண்டை வரைக்கும் வந்தது. ஐந்தாவது மிட்டாய் உள்ளே போனது.

உள்ளே நுழைந்ததும் முதலாவதாக அவள் நிற்கிறாள். ஒய்.பி. நீராவி எஞ்சின். கறுப்பாக, கொஞ்சம் அதிகமாகவே பெயின்ட் அடித்து, நெற்றியில் யாரோ சாமந்தி மாலை போட்டு. நான் ஃபயர்மேனாகக் கரி போட்டது இந்த ஜாதி எஞ்சினில்தான். இதே எஞ்சின் இல்லை, இதனுடைய அக்கா தங்கச்சி யாரோ. ஆனாலும் அந்தச் சக்கரத்தைப் பார்த்ததும் முழங்கை தானாக மடங்குகிறது, இடுப்பு தானாக வலப்பக்கம் திரும்புகிறது, நாற்பது வருஷத்துக்கு முன்னால் பத்து விநாடிக்கு ஒரு முறை அள்ளி அள்ளிப் போட்ட கரி எல்லாம் உடம்பில் எங்கேதான் உட்கார்ந்திருந்ததோ. பக்கத்தில் ஒரு பலகை. அதிகபட்ச வேகம் மணிக்கு 175 கிலோமீட்டர். நான் இரண்டு தடவை படித்தேன். நூற்று எழுபத்தைந்து. எழுபத்தைந்தைத்தான் எவனோ முன்னால் ஒரு ஒன்றைச் சேர்த்து எழுதிவிட்டுப் போயிருக்கிறான். அட பாவி, இது நூற்று எழுபத்தைந்தில் போனால் தண்டவாளத்தில் இருக்காது, வானத்தில் இருக்கும். பெனடிக்ட் அந்தப் பலகையைச் சத்தமாகப் படித்து, அடேயப்பா, இப்பவே நம்ம வண்டியெல்லாம் இந்த வேகம் போறதில்லயே, என்று என் பக்கம் திரும்பிச் சிரித்தான். என்னைப் பேசவைக்கத்தான் படித்தான், அது தெரிந்தது. நான் பார்த்தேன் ரெஜியை. அவள் கண்ணாலேயே சத்தியத்தை ஞாபகப்படுத்தினாள். ஆமா, என்றேன் நான். ஆமா என்று சொன்னேன். நூற்று எழுபத்தைந்துக்கு. என் ஆவி துடித்தது. எனக்குக் கரி போடச் சொல்லிக்கொடுத்த அந்தோணி டிரைவர் கல்லறையில் புரண்டு படுத்திருப்பார். மகளுக்காக மனுஷன் என்னென்னவோ செய்கிறான், கிட்னி கொடுக்கிறவன்கூட இருக்கிறான், நான் இதைக் கொடுத்தேன்.

நடக்கிறோம். பெண்கள் மூன்று பேரும் முன்னால், பெனடிக்ட் கொஞ்சம் தள்ளி, நான் கடைசியில் கார்டு பெட்டி மாதிரி. ஒரு ஓரத்தில் சிக்னல் கம்பங்களை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள், விளக்கு கூட எரிகிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை. என் வலது கை பாதி தூரம் எழுந்துவிட்டது, பிடித்து இறக்கிப் பைக்குள் போட்டேன். இந்தக் கையை ஒன்றும் செய்ய முடியாது. எஞ்சினில் இரண்டு பேர் இருப்போம், டிரைவரும் அசிஸ்டென்டும். சிக்னல் கண்ணில் பட்டதும் டிரைவர் கையை நீட்டிச் சத்தமாகச் சொல்ல வேண்டும், பச்சை என்றால் பச்சை. அசிஸ்டென்டும் அதைத் தன் கண்ணால் பார்த்து, கையை நீட்டித் திருப்பிச் சொல்ல வேண்டும், பச்சை. ஒருத்தன் கண் தூங்கலாம், ஒருத்தன் மனசு வீட்டுக்குப் போயிருக்கலாம், இரண்டு வாய் சொன்னால்தான் அது பச்சை. ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்வோம். அது வீட்டுக்கும் வந்துவிட்டது. ரெஜியை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவேன், ரவுண்டானா சிக்னலில் நான் கையை நீட்டிப் பச்சை என்பேன், யூனிஃபார்மில் அந்தச் சின்னக் கை நீளும், பச்சை. பக்கத்தில் நிற்கிற ஆட்டோக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு அந்தக் காலத்தைவிடப் பெரிய சந்தோஷம் இருந்ததா என்று யோசித்தால் சட்டென்று ஒன்றும் கிடைக்கவில்லை. பதிமூன்று வயதில் நிறுத்திவிட்டாள். சிநேகிதிகள் பார்க்கிறார்களாம். ஒரு நாள் நான் பச்சை என்றேன், பின்னாலிருந்து சத்தமே இல்லை. வண்டியை எடுக்கக் கொஞ்சம் தாமதமானது, அவ்வளவுதான். ரிட்டயர் ஆன பிறகு காரில், பஸ்ஸில், ஆட்டோவில் நானாகச் சொல்லிக்கொள்கிறேன், சத்தம் வராமல். திருப்பிச் சொல்ல ஆளில்லாத பச்சைகள் எத்தனை போயிருக்கும். சரி, இன்றைக்கு எதற்கு அது. இன்றைக்கு நல்ல நாள்.

மரப்பலகைப் பெட்டி ஒன்றில் ஏறிப் பார்த்தோம். பிலோமினா பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள், முகம் கொஞ்சம் சிவந்தது. கல்யாணமான மூன்றாம் நாள் நாகப்பட்டினம் வரைக்கும் இந்த மாதிரிப் பலகையில்தான் போனோம், வேளாங்கண்ணிக்கு. எனக்கு இலவசப் பாஸ் இருந்தது, அவளுக்கும் அன்றைக்குத்தான் முதல் பாஸ். ராத்திரியெல்லாம் ஜன்னல் வழியாகக் கரித்தூள் வந்து அவள் புதுப் புடவையில் உட்கார, நான் ஒவ்வொரு தூளாகத் தட்டிவிட்டுக்கொண்டே எந்தக் கரி நல்ல கரி, எது புகைகிற கரி என்று விடியும்வரை சொல்லிக்கொண்டு வந்தேன். அப்போதே ஓடிப்போயிருக்கலாம் அவள், இறங்குகிற ஸ்டேஷன் நிறைய இருந்தது. இப்போது அவள் கை பைக்குள் போய் மிட்டாயோடு வருகிறது, ஆனால் இந்தத் தடவை திணிக்கவில்லை, என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். ஆரோக்கியமேரி அம்மா எதிர்ப் பலகையில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்க எவ்ளோ வருஷம் சர்வீஸ், இந்த மாதிரி வண்டியெல்லாம் ஓட்டியிருக்கீங்களா, என்று கேட்டார். இரண்டு கேள்வி. ஒன்றுக்கு என்னிடம் வார்த்தை இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை. ஆமா, என்றேன். அந்தம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தார், மேலே வரும் என்று. வரவில்லை. கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிலோமினாதான் சர்வீஸ் கணக்கைச் சொல்லி ஒப்பேற்றினாள்.

மதியம் பழைய டைனிங் காரையே கேன்டீனாக்கி வைத்திருந்த இடத்தில் தக்காளிச் சாதமும் முட்டையும். எனக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. ரெஜி பெனடிக்டின் இலையில் கருவேப்பிலை கிடப்பதைப் பார்த்துத் தன் விரலால் அதை ஓரத்துக்குத் தள்ளினாள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து. நான் பார்த்தேன். நான் பார்த்ததை ஆரோக்கியமேரி அம்மா பார்த்தார். இந்த இடத்தில் ஒரு மனுஷன் ஏதாவது சொல்ல வேண்டும், சிரிக்கவாவது வேண்டும், அந்தம்மாவும் அதற்குத்தான் என் முகத்தையே பார்த்தார். பதற்றத்தில் எனக்கு மிச்சமிருந்த மூன்றாவது வார்த்தையை எடுத்துவிட்டேன். சாப்பிட்டீங்களா, என்றேன். கையில் சோற்று உருண்டையோடு உட்கார்ந்திருக்கிற பெண்மணியிடம். அவர் என்னைப் பார்த்தார், உருண்டையைப் பார்த்தார், ம், என்றார். அதன் பிறகு என் பக்கம் திரும்பவில்லை. ரெஜி இலையைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் செய்தது சரியா தப்பா தெரியவில்லை. சத்தியத்தை மீறவில்லை, அது மட்டும் நிச்சயம்.

எல்லோரும் கை கழுவப் போனபோது நான் நழுவினேன். நேராக ஒய்.பி.யிடம். ஏணிப்படியில் கால் வைத்ததும் கைப்பிடி எங்கே இருக்கிறதென்று கை தேடவில்லை, அதற்கே தெரிந்திருந்தது. உள்ளே நிழல். இரும்பு குளிர்ந்து கிடக்கிறது, இந்த இடம் குளிர்ந்து நான் பார்த்ததே இல்லை. நெருப்புப் பெட்டியின் கதவைத் தொட்டேன். கரி அள்ளும் ஷவலைச் சங்கிலி போட்டு மாட்டியிருக்கிறார்கள். இந்த ஷவலைக் கொதிநீரில் கழுவி, எண்ணெய் தடவி, நெருப்புக்குள் ஒரு நொடி காட்டினால் முட்டை பொரியும் பாருங்கள், ஓரமெல்லாம் சரிகை மாதிரி முறுகி, ஒரு துளி கரி வாசனையோடு, அதை ரொட்டியில் வைத்து அந்தோணி டிரைவர் எனக்குப் பாதி கொடுப்பார், காவிரிப் பாலத்தில் கீழே தண்ணீர் மினுங்கிக்கொண்டு போகும், முகத்தில் சூடு, முதுகில் காற்று, இருபத்திரண்டு வயது, யாராவது இதற்குச் சம்பளமும் தருவார்களா என்று இருந்தது. விசில் கம்பியைப் பிடித்து இழுத்தேன், சத்தம் வராது என்று தெரிந்தே. வாயாலேயே மெதுவாக ஊதிக்கொண்டேன். அப்போது கீழே, எஞ்சினுக்கு அந்தப் பக்கம், அந்தம்மாவின் குரல். பெனடிக்டிடம் பேசுகிறார். எனக்கு ஒளிந்து கேட்கிற புத்தி கிடையாது, ஆனால் காதையும் சங்கிலி போட்டு மாட்ட முடியாதே. பொண்ணு தங்கம்பா, அம்மாவும் நல்ல மாதிரி. ஆனா அவங்க அப்பாவுக்கு நம்மளப் புடிக்கல. காலைலேர்ந்து மொகத்தக் குடுத்து ஒரு வார்த்த பேசல. மனசில்லாத வீட்ல பொண்ணெடுத்தா நாளைக்கு அந்தப் புள்ளதான் நடுவுல நின்னு அழுவும். வேணாம்பா. அவன் ஏதோ சொன்னான், அம்மா அவர் அப்படியில்ல, நல்லாப் பேசுவாருன்னு ரெஜி சொல்லியிருக்கா. நான் பாத்ததத்தான் நான் நம்புவேன், என்றார் அந்தம்மா. செருப்புச் சத்தம் சரளையில் தள்ளிப் போனது.

உட்கார்ந்துவிட்டேன், ஃபயர்மேன் சீட்டில். பேசி இரண்டு வரன் போனது, பேசாமல் மூன்றாவது போகப்போகிறது. இப்போதே இறங்கி ஓடி, அம்மா உங்களை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, பையனை அதைவிடப் பிடித்திருக்கிறது, என்று சொன்னால் என்ன. சொன்னால் அதோடு நிற்குமா என் வாய். அங்கிருந்து பலகைக்கு வரும், நூற்று எழுபத்தைந்துக்கு வரும், வேக்குவத்துக்கு வரும், இருட்டிவிடும். சத்தியம் வேறு. மாதா பொறுத்துக்கொள்வாள், ரெஜி பொறுக்கமாட்டாள். ஏனோ சுலைமான் ஞாபகம் வருகிறது. டீசல் காலம். சுலைமான் எனக்கு அசிஸ்டென்ட். விழுப்புரத்துக்கு இந்தப் பக்கம், விடிகிற நேரம், பாசஞ்சர் வண்டி. தூரத்தில் சிக்னல். பச்சை, என்றேன். பதில் இல்லை. மறுபடி சொன்னேன். பதில் இல்லை. நான் பிரேக் போட்டு வண்டியை நிறுத்திவிட்டேன். பச்சைக்கு முன்னால், வெட்டவெளியில், நெல் வயலுக்கு நடுவில். திரும்பிப் பார்த்தால் சுலைமான் நின்றுகொண்டே தூங்குகிறான், அவன் மனைவிக்குப் பிரசவமாகி இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில் விழித்திருக்கிறான், பெண் குழந்தை. நாலு நிமிஷம் தாமதம். எழுத்தில் விளக்கம் கேட்டார்கள், பச்சை இருக்கும்போது நின்ற காரணம் என்ன என்று. சுலைமானைக் காட்டிக் கொடுக்காமல் நான் எழுதினேன், எனக்குச் சந்தேகமாக இருந்தது என்று. ஆறு மாதம் ஷெட்டில் என்னைப் பச்சையில் நின்றவன் என்றே கூப்பிட்டார்கள். இன்றைக்கும் அப்படித்தான். பெண்ணுக்குப் பிடித்திருக்கிறது, பையனுக்குப் பிடித்திருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது, பெண் தங்கம் என்று அந்தம்மாவே சொல்லியாகிவிட்டது, கண்ணுக்கு எட்டின வரைக்கும் பச்சை, வண்டி நிற்கிறது. நிறுத்தினவனும் நான்தான்.

ரெஜி வந்து கீழே நின்று கூப்பிட்டாள். எல்லாரும் சின்ன ரயில்ல ஏறுறாங்கப்பா, அதோட கெளம்பிடலாம், என்றாள். அவள் முகத்தில் காலையில் இருந்த வெளிச்சம் பாதி இல்லை, ஏதோ புரிந்திருக்கிறது அவளுக்கும். நான் இறங்கினேன். அந்தச் சின்ன ரயில் முழங்கால் உயரம், நீலமும் சிவப்பும், குதிரைமேல் உட்கார்கிற மாதிரி வரிசையாகப் பெட்டிகள். முன்னால் மோட்டாரை இயக்குகிற ஆள் போனை நோண்டிக்கொண்டிருந்தான். ஒரு மிட்டாயை வாயில் போட்டு அவனுக்கு நேர் பின்னால் என்னை உட்கார வைத்தார்கள், எனக்குப் பின்னால் பிலோமினா, அப்புறம் ஆரோக்கியமேரி அம்மா, ரெஜி, கடைசியில் பெனடிக்ட். என் முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. வெயில் சாய்ந்து வேப்பம்பூ உதிர்ந்து தண்டவாளத்தில் கிடக்கிறது. எனக்குச் சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது, ஓடுகிற ரயிலில் கடைசியாக முன்னால் உட்கார்ந்து எத்தனை வருஷமாகிறது. எதிரே இடுப்பு உயரத்தில் ஒரு சிக்னல் கம்பம் வைத்திருக்கிறார்கள், பொம்மை மாதிரி, சிவப்பு எரிகிறது. நான் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். செருப்பைப் பார்த்தேன், மோட்டார்க்காரனின் காலரைப் பார்த்தேன். சிவப்பு அணைந்தது. அதற்கப்புறம் நடந்தது என்னைக் கேட்டு நடக்கவில்லை. கை தோளிலிருந்து நேராக நீண்டது, இஞ்சி மிட்டாய் வாயிலிருந்து தெறித்துப் போய்த் தண்டவாளத்தில் விழுந்தது, முப்பத்தெட்டு வருஷத்துக் குரல், டீசல் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டிய குரல், அந்த ஷெட்டுத் தகரமெல்லாம் அதிர வெளியே வந்தது.

“பச்சை.”

மோட்டார்க்காரன் போனைக் கீழே போட்டான். மரத்திலிருந்து இரண்டு காக்கை எழுந்து பறந்தது. முடிந்தது, நாலாவது வார்த்தை, மூன்றாவது வரன், எல்லாம் முடிந்தது என்று நான் நீட்டின கையை மடக்கக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும்போது, பின்னாலிருந்து, வண்டியின் கடைசியிலிருந்து, தெளிவாக, சரியாக, ஒரு நொடி பிந்தாமல் முந்தாமல், ஒரு ஆம்பளைக் குரல்.

“பச்சை.”

திரும்பிப் பார்த்தேன். பெனடிக்டின் கை நீண்டிருந்தது. நேராக, விரல் சேர்ந்து, எப்படி நீள வேண்டுமோ அப்படி. அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது போல, கையைப் பார்த்துக்கொண்டு மெதுவாக இறக்கினான். ரெஜி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள், காது மட்டும் சிவந்து வெளியே தெரிந்தது. உனக்கு எப்படித் தம்பி, என்று கேட்டிருப்பேன், வார்த்தை இல்லை. அவனே சொன்னான், ரெஜி பைக்ல பின்னால ஒக்காந்தா சிக்னல்ல கைய நீட்டிப் பச்சைம்பா அங்கிள், நான் திருப்பிச் சொல்லலன்னா எறங்கிப் போயிருவேன்னு சொல்லியிருக்கா, ரெண்டு வருஷமாப் பழகிப்போச்சு. ஆக பதிமூன்று வயதில் நிறுத்தவில்லை அவள். என்னிடம் நிறுத்தியிருக்கிறாள், அவ்வளவுதான். எடுத்துக்கொண்டு போய் வேறு ஒருத்தனுக்குக் கொடுத்திருக்கிறாள். என் நெஞ்சுக்குள் என்னவோ இளகி இறங்கியது, கண்ணில் நீர் வந்துவிட்டது, நான் அதைத் துடைக்கவில்லை. ஆரோக்கியமேரி அம்மா மகனைப் பார்த்தார், ரெஜியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அந்த நர்ஸம்மாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கிறார். இவன் ஊருக்கு வந்தா என்னைய வண்டில வச்சிக்கிட்டு சிக்னலுக்கு சிக்னல் பச்சைன்னு கத்துறான், என்னையும் சொல்லச் சொல்றான், நான் பையனுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு டாக்டர்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன், என்றார். பிலோமினாவும் சிரிப்பை அடக்க முடியாமல் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள், மூன்று வார்த்தை, சத்தியம், சட்னிக் கிண்ணம், பாயில் படுத்த பெண்மணி, எல்லாம். கைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தே காட்டினாள், அதில் இன்னும் மூன்று மிட்டாய் பாக்கி.

சின்ன ரயில் இன்னும் நகரவில்லை, மோட்டார்க்காரன் திரும்பி எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆரோக்கியமேரி அம்மா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு என் முகத்தை நேராகப் பார்த்தார். காலையில் பார்த்த அதே கண்தான், இப்போது காய்ச்சல் எங்கே என்று கண்டுபிடித்துவிட்ட கண். என் வாய்க்குள் ஒரு ரயிலே நிற்கிறது, நூற்று எழுபத்தைந்து, முட்டை, அந்தோணி டிரைவர், சுலைமானின் பெண், எல்லாம் புறப்படத் தயாராக. ரெஜி முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, பேசுங்கப்பா, என்று மெதுவாகச் சொன்னாள். ஆனால் அந்தம்மா அதற்கு முன்னால் கேட்டுவிட்டார்.

“ஞாயித்துக்கெழம பூசை முடிச்சிட்டு ஒங்க வீட்டுக்குச் சாப்பிட வரட்டுமாண்ணே?”

கை நனைக்க வருகிறார். எங்கள் வீட்டில். அண்ணே என்று சொல்கிறார். நான் மூச்சை இழுத்தேன், பிலோமினா மிட்டாயைப் பிரிக்கவில்லை. இதற்கு எத்தனையோ சொல்லலாம், பிரியாணியா மீன் குழம்பா என்று கேட்கலாம், எந்தப் பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லலாம். ஆனால் எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான், ஒருத்தர் சரியாகப் பார்த்துச் சொன்னால் இன்னொருத்தர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கையை நேராக நீட்டினேன்.

“ஞாயித்துக்கெழம,” என்றேன்.

முன்னால் மோட்டார்க்காரன் வண்டியை எடுத்தான்.